மரத்த விரல்

கோடரி விழும் சத்தம் கொட்டகைக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் ஒரு வெட்டு வேறு மாதிரி விழுந்தது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

"டாக்டரே, கொஞ்சம் வாங்க. இந்தக் கட்டையும் பிளந்துடுச்சு."

தயாபரன் களைந்துகொண்டிருந்த அரிசியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். சாமி விறகுக் குவியல் மேல் உட்கார்ந்து கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தார். விரல் நுனியில் ஆழமான வெட்டு.

அந்த மலைச்சரிவில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். சாமி, பஸ் கண்டக்டர் வேலையை விட்டுச் சாமியாரானவர். தயாபரனைவிட நான்கைந்து வயது இளையவர். தயாபரன் மனைவி செல்வமலரைப் பறிகொடுத்து, ஆஸ்பத்திரியை விட்டு, ஒரு மருந்துப் பெட்டியோடு வந்து சேர்ந்தவர். சுற்றுப்பட்டு ஆட்களின் வெட்டுக்காயத்துக்குத் தையல் போடுவார். மற்ற நேரம் பேச மாட்டார்.

இன்று செல்வமலருக்கு வருஷத் திதி. மகள் கயல்விழி மதியப் பஸ்ஸில் வருவதாகத் தகவல் வந்திருந்தது. காலையில்தான் தயாபரன் சாமியிடம் கேட்டிருந்தார்.

"அவ முகம் அப்படியே அவங்க அம்மா முகம், சாமி. என்னால பார்க்க முடியாது. பார்த்தாலும் ஒண்ணும் தெரியாத மாதிரி மனசு ஆகணும். அதுக்கு வழி சொல்லுங்க. இல்லேன்னா அவளைத் திருப்பி அனுப்பிடுங்க."

சாமி எழுந்து, கோடரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது தயாபரன் காயத்தைக் கழுவினார். அடுப்புக்குப் பக்கத்தில் வெளிச்சம் நன்றாக இருந்ததால் சாமியை அங்கே உட்கார வைத்து, ஊசியில் மரத்துப்போகச் செய்யும் மருந்தை ஏற்றினார்.

"இந்த ஊசி முன்னாடி போட்டிருக்கீங்களா? ஒத்துக்காமப் போயிருக்கா?"

"பல் பிடுங்கறப்போ போட்டாங்க. வீட்டுக்கு வந்து முறுக்கு தின்னேன். கூடவே என் உதட்டையும் தின்னேன். தெரியவே இல்லை."

தயாபரன் சிரிக்கவில்லை. விரலின் அடியில் ஊசியைச் செருகி, அழுத்துவதற்கு முன் சற்றுப் பின்னால் இழுத்துப் பார்த்தார்.

"ஏன் இழுக்கறீங்க?"

"ரத்தம் வருதான்னு பார்க்கறேன். வந்தா ரத்தக்குழாய்க்குள்ள இருக்குன்னு அர்த்தம். அதுல போகக்கூடாது."

"போனா?"

"காது இரையும். வாயில இரும்பு ருசி வரும். அளவு மீறினா வலிப்பு வரும், இதயமே நின்னுடலாம்."

"இதயத்துக்கு ஆகாத மருந்தா?"

"விரலுக்குப் போடறதை விரலோட நிறுத்திடணும், சாமி. அளவா, போட வேண்டிய இடத்துல போட்டா பயமில்லை."

சாமி தலையாட்டினார். தயாபரன் விரலின் மறுபக்கமும் போட்டார். இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"இது எப்படி வலியை எடுக்குது?"

"எடுக்காது. வெட்டு அங்கேயேதான் இருக்கும். நரம்பு நெடுக சின்னச் சின்ன வாசல் இருக்கு. அது வழியா உடம்புல இருக்கற உப்பு உள்ளே ஏறினாத்தான் வலிங்கற சேதி மூளைக்கு நகரும். மருந்து போய் அந்த வாசல்ல நின்னுக்கும்."

"படிக்கட்டுல ஒருத்தன் நின்னுக்கிட்டா யாரும் ஏற முடியாது. பதினாறு வருஷம் கத்தியிருக்கேன், உள்ளே போ, உள்ளே போன்னு." சாமி விரலைப் பார்த்தார். "எவ்வளவு நேரம் நிப்பான்?"

"ஒரு மணி, ரெண்டு மணி நேரம். அப்புறம் இறங்கிடுவான்."

"வலி?"

"அதுபாட்டுக்கு வரும்."

தயாபரன் ஊசி முனையால் விரலைத் தொட்டார். "தெரியுதா?"

"ஏதோ தொடுது. வலி இல்லை."

"மரத்துடுச்சு."

"கட்டைவிரல் நிஜமாவே கட்டை ஆயிடுச்சு."

தையல் முடிந்தது. தயாபரன் துணி வைத்துக் கட்டிவிட்டு, கை கழுவ வெளியே போனார். கீழே சாலையில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. செம்பைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

"மதிய வண்டி," என்றார் சாமி உள்ளேயிருந்து.

"போய்ச் சொல்லிடுங்க சாமி. நான் இங்கே இல்லைன்னு."

"இந்தக் காலோடவா?"

தயாபரன் சாலைப் பக்கம் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"எனக்கு அலுத்துப்போச்சு சாமி. ஒரு வருஷமா தினமும் அதே இடத்துல வலிக்குது. மரத்துப்போகணும். வேற எதுவும் வேண்டாம்."

உள்ளேயிருந்து துணி கருகும் வாசம் வந்தது.

தயாபரன் உள்ளே பாய்ந்தார். அடுப்பிலிருந்து ஒரு கங்கு உருண்டு வந்து சாமியின் கட்டைவிரலை ஒட்டிக் கிடந்தது. கட்டின் ஓரம் புகைந்துகொண்டிருந்தது. சாமி வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தயாபரன் அந்தக் காலை வெடுக்கென்று இழுத்து, செம்பில் இருந்த தண்ணீரை ஊற்றினார். கட்டைப் பிரித்தார். தோல் சிவந்திருந்தது, அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் வெந்திருக்கும்.

"கால்ல நெருப்பு! எடுக்கறதுக்கென்ன?"

சாமி குனிந்து, யாருடைய விரலையோ பார்ப்பதுபோல் தன் விரலைப் பார்த்தார்.

"வலிக்கலையே டாக்டரே. அதான் எடுக்கலை."

தயாபரன் அந்தக் காலைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். கீழே பஸ் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ கற்படிகளில் ஏறி வரும் செருப்புச் சத்தம்.

அவர் புதுத் துணி எடுத்து விரலைக் கட்டினார். எழுந்துபோய், பாதியில் விட்டிருந்த அரிசியில் இன்னொரு கைப்பிடி அள்ளிப் போட்டுக் களையத் தொடங்கினார்.