இரும்புக்கு முதல் பூச்சு சிவப்பு

அந்தக் காலத்தில் இரும்புக்கும் வாய் இருந்தது. மண் பேசும், காற்று பேசும். மனிதர்கள்தான் கொஞ்சம் குறைவாகப் பேசினார்கள். நல்ல காலம் அது.

அப்போது கடலோரத்து உப்பளத்தில் பூவாடை என்றொரு வண்டிக்காரி இருந்தாள். உப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போய், நெல்லோடு திரும்புவாள். ஒரு மழைக்காலத்தில் பாத்தி வரப்பில் வழுக்கி விழுந்து, அவளுடைய இடது கால் முடங்கிப்போனது. மற்றவர்கள் ஒரே தாவில் ஏறும் வண்டி அவளுக்கு மலையாகிவிட்டது. வைரவன் என்ற கொல்லர் அவளை நிற்கவைத்து, காலை அளந்து, அந்தக் காலுக்கென்றே ஓர் இரும்பு மிதிபடி அடித்து வண்டியில் பொருத்தினார். வேறு யார் ஏறினாலும் அது இடறும். பூவாடைக்கு மட்டும் யாரோ கைகொடுத்துத் தூக்கிவிடுவதுபோல் இருக்கும். அவள் மறுபடியும் ஊர் ஊராகப் போக ஆரம்பித்தாள்.

ஆனால் சாயங்காலக் கடல்காற்று வீசும்போதெல்லாம் மிதிபடி செம்பொடியாக உதிர்ந்தது. துடைத்துப் பார்த்தாள், தேய்த்துப் பார்த்தாள், நிற்கவில்லை. வேறொன்று அடித்துத் தருவதாகக் கொல்லர் சொன்னார். அதுவும் இப்படித்தான் போகும் என்பதையும் மறைக்கவில்லை. படி போனால் வண்டி இல்லை, வண்டி போனால் பிழைப்பு இல்லை. பூவாடை பயந்துபோய் மிதிபடியிடமே கேட்டாள்.

"ஏன்டா இப்படி உதிர்ந்து போற? நான் ரொம்பக் கனமா இருக்கேனா?"

"கனமெல்லாம் இல்லக்கா. காத்துல எங்கம்மா கூப்பிடுறா. கூப்பிடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா அவகிட்டப் போயிடுறேன். உன்னை விட்டுப் போகவும் எனக்கு மனசில்ல."

இரும்பைப் பெற்றவள் உள்நாட்டில் இருந்த செம்மண் மேடு. நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் பூவாடை வண்டியை அங்கே ஓட்டினாள். பிள்ளைக்காக ஏங்கும் மேட்டின் குரலைக் கேட்டதும் கோபம் போன இடம் தெரியவில்லை.

"ஆத்தா, உனக்கு எத்தனையோ பிள்ளைங்க. எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்."

"பத்துப் பெத்தாலும், வீட்டுல இல்லாத பிள்ளைதான் பெத்தவ கண்ணுக்குள்ளயே நிக்கும்," என்றது மண்.

பூவாடைக்கு அழுகை வந்தது. ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்தா நாம் பிழைக்கிறோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். மிதிபடியைக் கழற்றி, மெதுவாக மண்ணின்மேல் வைத்தாள். பிறகு சக்கரத்தைப் பிடித்து வண்டியில் ஏறப் பார்த்தாள். சரிந்து விழுந்தாள். எழுந்து மறுபடி பிடித்தாள். மாடுகள் திரும்பிப் பார்த்தபடி நின்றன. வெயில் தாழ்ந்து, மேடு முழுவதும் பழுத்த நிறமாகிவிட்டது. மண் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தது.

"தாயி," என்றது கடைசியில். "அவனை எடுத்துக்கோ. என்னையும் ஒரு கை அள்ளிக்கோ. நானும் கூட வர்றேன்."

பூவாடை அந்தச் சிவந்த மண்ணை அள்ளி, மாவாகச் சலித்து, வண்டி மரத்துக்குப் பூச வைத்திருந்த ஆளிவிதை எண்ணெயில் குழைத்தாள். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் மிதிபடியின் இண்டு இடுக்கு விடாமல் பூசிக் காயவைத்து, மறுபடி வண்டியில் மாட்டினாள். ஊர் திரும்பியதும் கடல்காற்று வழக்கம்போல வந்தது. மிதிபடியைத் தடவிப் பார்த்தது. கூப்பிட வேண்டிய தாயே பிள்ளையை அணைத்தபடி இருந்ததால், பனங்காட்டுப் பக்கம் போய்விட்டது. ஒரு துளி பொடிகூட உதிரவில்லை. பிற்பாடு பூவாடை ஆசைப்பட்டு அதன்மேல் பச்சை பூசினாள். அடியில் இருந்த தாய் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை.

அன்று தொடங்கிய வழக்கம்தான் இது: பட்டறையில் அளவெடுத்துச் செய்த லாரிப் பாகத்துக்கு மேலே நீலமோ மஞ்சளோ எது அடிப்பதானாலும், முதலில் ரெட் ஆக்சைடு என்னும் அந்தச் சிவப்பைத்தான் பூசுகிறார்கள். எங்காவது கல் பட்டு அது பெயர்ந்துவிட்டால், அந்த இடத்தில் மட்டும் இரும்பு இன்றைக்கும் அம்மாவைத் தேட ஆரம்பித்துவிடுகிறது.