சேவுகன் ஆட்டுப் பால்

“மதினி, உங்க நோட்டால எனக்கு ஒரு பகை வந்து சேந்துருச்சு” என்றான் பூமிநாதன்.

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஒரு கையில் நோட்டு. மறு கையின் இடுக்கில் ஒரு செம்மறிக் குட்டி. அது விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

இருளாயி சங்கத்துக் கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். புதிதாக ஆடு வளர்க்க வருகிறவர்களுக்கு அங்கேதான் பாடம். எருவுக்காக வயலில் ஆட்டை அடைத்துக் கிடை போடுவது, நோய் பார்ப்பது, கடைசியாக வரவு செலவு எழுதுவது. முதல் இரண்டையும் எல்லோரும் ஆசையாகக் கற்றுக்கொள்வார்கள். மூன்றாவது வந்ததும் பாதிப் பேருக்கு வயிற்றுவலி வந்துவிடும்.

பூமிநாதன் அந்த ரகம் இல்லை. விஜயவாடாவில் முறுக்குக் கம்பெனியில் இளமையைத் தொலைத்துவிட்டு வந்தவன். மனைவியின் சங்கிலியை விற்று ஆடு பிடித்தவன். இருளாயி சொன்னதைச் சொன்னபடி எழுதினான். போன தை மாதம் வியாபாரி ஒருவன் கணக்கைக் குழப்பப் பார்த்தபோது, நோட்டை விரித்துக் காட்டித் தன் காசை முழுசாக வாங்கிவிட்டான். அன்று சாயங்காலமே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு இருளாயி முன்னால் வந்து நின்றான்.

இன்று வாழைப்பழம் இல்லை.

“யாரோட பகை, கொழுந்தனாரே?”

“சேவுகன் மாமாவோட.”

இருளாயி நிமிர்ந்தாள். சேவுகன் ஆடும் பூமிநாதன் ஆடும் ஒரே கிடை. பூமிநாதனிடம் இருக்கும் சொற்ப ஆட்டை மட்டும் நம்பி, எருவுக்காக, வயல் வைத்திருக்கும் எந்தச் சம்சாரியும் கூப்பிடமாட்டான்.

“என்ன நடந்துச்சு?”

“எங்க செம்பி செத்துப்போச்சுல்ல, பச்சைச் சோளத்த மேஞ்சு வயிறு உப்பி. அதோட குட்டிதான் இது. மாமா அவரு ஆட்டுல இதக் குடிக்க விட்டாரு. காலையிலயும் சாயங்காலமும் அவரே ஆட்டப் பிடிச்சு நிறுத்துவாரு. அது முட்டும், உதைக்கும். இவரு விடமாட்டாரு.”

“சரி.”

“நீங்க என்ன சொல்லிக்குடுத்தீக? வாங்குனது எதையும் விடாம எழுதணும்னு. எழுதுனேன்.”

“சரி.”

“எழுதுனா பாக்கி நிக்கக் கூடாதுல்ல? டிப்போவுல பால் என்ன விலைன்னு கேட்டேன். கணக்குப் போட்டேன். நேத்து காசக் கொண்டுபோயி அவரு கையில வச்சேன்.”

விளக்குமாறு நின்றது.

“வாங்குனாரா?”

“‘ஏண்டா, என் ஆடு என்ன பால் டிப்போவா’ன்னு கேட்டாரு.”

“அப்புறம்?”

“காசு மண்ணுல கெடந்துச்சு. இன்னைக்கு விடியக்காலையில அவரு ஆட்ட மட்டும் பிரிச்சு ஓட்டிக்கிட்டு, கண்மாய்க்கு அந்தப் பக்கம் போயிட்டாரு.”

குட்டி மறுபடி கத்தியது.

“புட்டியில மாட்டுப்பால் குடுத்துப் பாத்தேன். தண்ணியாக் கழியுது. இப்படியே போனா நாளைக்குத் தாங்காது, மதினி. செம்பிக்குன்னு மிஞ்சுனது இது ஒண்ணுதான்.”

அவன் நோட்டை நீட்டினான்.

“பாருங்க. நான் எங்க தப்புப் பண்ணுனேன்னு காட்டுங்க.”

இருளாயி நோட்டை வாங்கி நின்றபடியே புரட்டினாள். குடற்புழு மருந்து, தேதியோடு இருந்தது. கடலைப் புண்ணாக்கு இருந்தது. சம்சாரி கொடுத்த கிடைக்கூலி வரவில் இருந்தது. எழுத்து முறுக்குப் பிழிந்த மாதிரி சுற்றிச் சுற்றி இருந்தாலும் கணக்கில் ஒரு குற்றம் சொல்ல முடியாது.

“நல்லா எழுதியிருக்கீக” என்றாள்.

“நல்லா எழுதித்தான் இந்தக் கெதி.”

அவள் மர அலமாரியைத் திறந்து, அடியில் கையை விட்டு, அட்டை போன ஒரு பழைய நோட்டை எடுத்தாள். தூசியைத் தட்டினாள்.

“இது நான் ஆடு மேய்க்க வந்த புதுசுல எழுதுனது. இந்தப் பக்கத்தப் படிங்க.”

பூமிநாதன் குட்டியை இறக்கிவிட்டுப் படித்தான்.

“கம்பிவலை… மண்ணெண்ணெய்… ராக்கு, பால்.”

நிறுத்தினான்.

“இதுக்குத் தொகை போடலையே?”

“போடல.”

“எந்தக் குட்டிக்கு வாங்குனது?”

“குட்டிக்கு இல்ல. என் மகளுக்கு.”

பூமிநாதன் தலையைத் தூக்கினான்.

“அவ பெறந்தப்ப எனக்குக் காய்ச்சல். கண்ணே தொறக்கல. பொட்டல்ல கூடாரம் போட்டுக் கெடந்தோம். பக்கத்துக் கூடாரத்து ராக்கு, அவ பிள்ளைக்கு ஒரு பக்கம், என் பிள்ளைக்கு ஒரு பக்கம்னு குடுத்தா.”

அந்த மகளைப் பூமிநாதனுக்குத் தெரியும். கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். போன மாதம் அவன் ஆடுகளுக்கு ஊசி போட்டுவிட்டு, ஒரு தம்ளர் மோர்கூட வாங்காமல் போனவள்.

அவன் மறுபடி அந்த வரியைப் பார்த்தான். பேர் இருந்தது. பால் என்று இருந்தது. அதற்கு எதிரே வெறுங்கட்டம்.

“தொகை எழுத மறந்துட்டீகளா, மதினி?”

“மறந்துறக் கூடாதுன்னுதான் எழுதல.”

குட்டி கத்திக்கொண்டுதான் இருந்தது. சிறிது நேரம் அது அவன் காதில் விழவில்லை.

“இப்ப நான் என்ன செய்ய? போயி அவரு கால்ல விழட்டுமா?”

“விழுந்தா உங்க மனசு ஆறும். குட்டிக்கு வயிறு நெறையுமா?”

“அப்ப என்னதான் செய்யச் சொல்றீக?”

இருளாயி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள்.

“அது பசியோட நிக்கிது, கொழுந்தனாரே. எனக்கும் இன்னும் பாதிக் கொட்டகை கெடக்குது.”

இதற்குமேல் கேட்டால் அவனையும் சேர்த்துக் கூட்டித் தள்ளிவிடுவாள் போலிருந்தது. அவன் நோட்டைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு குட்டியைத் தூக்கினான்.

கண்மாய்க் கரை நெடுக அவன் ஒரு பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டே போனான். ‘தெரியாமச் செஞ்சுட்டேன் மாமா, மனசுல வச்சுக்காதீக’ என்று ஆரம்பம். நடுவில் மனைவியின் சங்கிலி. முடிவில் கண்ணீர். கேட்கிறவர் உருகிப்போகும்படியான பேச்சுத்தான்.

சேவுகன் கருவேல நிழலில் உட்கார்ந்து பட்டி வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். ஆள் வந்து நிற்பது தெரிந்தும் தலையைத் தூக்கவில்லை.

“என்ன, மிச்சச் சில்லறையக் குடுக்க வந்தியா?”

தயார் பண்ணிய பேச்சு அத்தனையும் எங்கே போனதென்று தெரியவில்லை.

“இல்ல, மாமா.”

“பிறகு?”

அந்த நேரம் குட்டி கத்தியது. பட்டிக்குள்ளிருந்து சேவுகனின் ஆடு பதிலுக்குக் கத்தியது. இத்தனை நாளும் முட்டிய ஆடு, உதைத்த ஆடு, வலை ஓரத்துக்கு வந்து மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

பூமிநாதன் வாய் தானாகத் திறந்தது.

“இன்னும் வேணும், மாமா. அது பால்குடி நிறுத்துற வரைக்கும் வேணும். எனக்கு உங்களை விட்டா ஆள் இல்ல.”

சேவுகன் ஊசியை வலையிலேயே குத்திவைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“மத்தியானம் வரைக்கும் பட்டினி போட்டுட்டுத்தான் வருவியாக்கும்? கொண்டா இங்க.”

ஆட்டைப் பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. குட்டி முழங்காலை மண்ணில் ஊன்றி முட்டி முட்டிக் குடித்தது. வால் துடித்தது. ஆடு திரும்பி அதன் பின்புறத்தை மோந்து பார்த்துவிட்டு அசையாமல் நின்றது.

பூமிநாதனுக்குக் கண் நிறைந்துவிட்டது. செம்பியை நினைத்தான். பொட்டல் கூடாரத்தில், முகம் தெரியாத அந்த ராக்குவை நினைத்தான். பக்கத்தில் குந்தியிருந்த சேவுகனின் காய்ப்பேறிய கையைப் பார்த்தான். எல்லோர் மேலும் ஒரே சமயத்தில் நன்றி பொங்கியது. மூக்கைச் சிந்தினான்.

“வெள்ளிக்கிழமை என் மச்சான் வீட்டு விசேஷம்” என்றார் சேவுகன், ஆட்டைப் பார்த்தபடியே. “ரெண்டு கிடையையும் நீதான் பாக்கணும்.”

“பாக்குறேன், மாமா.”

சேவுகனின் கண் அவன் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த நோட்டில் போய் நின்றது.

“இன்னைக்குக் குடிச்சதையும் இதுல எழுதப்போறியா?”

பூமிநாதனுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“ஆமா, மாமா.”

“எவ்வளவுன்னு?”

குட்டி அடுத்த காம்புக்கு மாறியது. பூமிநாதன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தெரியல, மாமா.”

சேவுகன் முதல்முறையாகச் சிரித்தார்.

“அப்ப எழுதிக்க.”