மெழுகு தடவிய கல்

கூட்டாளி செத்து எட்டு வருஷமாக வியாகுலப்பன் ஒற்றை ஆளாகத்தான் வள்ளத்தில் கடலுக்குப் போய்வந்தான். மீன்வளக் கமிட்டியிலும் அதே கதைதான். ஒன்பது அதிகாரிகளுக்கு நடுவே ஒரே மீனவன், அதுவும் கையெழுத்துப் போட மட்டும்.

மீன் குஞ்சு பொரிக்கும் பாறையில் யாரும் வலை போடக் கூடாதென்று பெரிய அதிகாரி கடலில் சிவப்பு மிதவை கட்டினார்.

"பாறை அங்க இல்ல சாரே."

"செயற்கைக்கோள் படம் பொய்யா? நிரூபிச்சுக் காட்டுய்யா!"

வியாகுலப்பன் அவரை வள்ளத்தில் ஏற்றிப்போனான். மெழுகுவத்தியை உருக்கித் தடவிய கல்லைக் கயிற்றில் கட்டி மிதவையடியில் தரைதட்ட இறக்கித் தூக்கினான். மெழுகில் ஒட்டியிருந்தது வெறும் மணல். கரையிலுள்ள மாதா கோயில் சிலுவையும் அதன் பின்னால் மலையிடுக்கும் நேர்கோட்டில் தெரியும் இடத்துக்குத் துடுப்புப் போட்டு மறுபடி இறக்கினான். பாறையில் வளரும் பாசியும் சிப்பியும் ஒட்டிவந்தன.

அதிகாரியின் முகம் தொங்கிப்போயிற்று. "மத்த பாறையெல்லாம் எங்கேன்னு சொல்லு, எழுதிக்கிறேன்."

"கரையில இருந்து சொல்ல வராது சாரே. கமிட்டிக் கூட்டத்தை இங்கேயே வையுங்க. சேந்து பாத்து, சேந்து முடிவு பண்ணுவோம்."

அப்புறம் மாதாமாதம் கூட்டம் வள்ளத்தில்தான். மற்ற எட்டுப் பேர் கடலுக்குப் பயந்து வரவில்லை. கூட்டாளியின் பலகையில் உட்கார்ந்த பெரிய அதிகாரி கரை திரும்பும்வரை வாந்தியெடுத்தார். வியாகுலப்பனுக்கு அதுவும் துணையாகத்தான் இருந்தது.