மானுக்கு ஏற்ற தோட்டா

"மானுக்கு எந்தத் தோட்டா சரியா வரும்? அதை மட்டும் சொல்லுங்கம்மா."

கேட்டவர் திம்மராயன். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்.

அவர் முன்னால் உட்கார்ந்திருந்தவள் நஞ்சம்மாள். அவரைவிட இளையவள். மான் வேட்டைக்குத் தடை வராத அந்தக் காலத்தில், அந்த மலையடிவாரத்தில் துப்பாக்கி பழக நினைத்தவர்கள் அவளிடம்தான் போனார்கள்.

அவள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இப்ப எது வச்சிருக்கீங்க?"

"முன்னூத்திப் பதினஞ்சு நம்பர் தோட்டா."

"அது நல்லாவே கொல்லுமே."

"கொன்னுது. மெதுவாக் கொன்னுது."

போன அறுப்பின்போது கேழ்வரகுக் கொல்லையில் மேய்ந்த ஒரு கொம்புமானைச் சுட்டிருந்தார். குண்டு வயிற்றில் பட்டது. மான் ஓடிவிட்டது. காக்கைகள் வட்டமிட்ட பிறகுதான் பள்ளத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள். அதற்கப்புறம் அவர் சுட்டதெல்லாம் மண்ணில் போனது.

"இந்த வருஷமும் கதிரைக் காப்பாத்த முடியலேன்னா சுனையில விஷம் கலந்துடலாம்னு ஊர்ல பேசுறாங்க. மான் மட்டுமா அங்க தண்ணி குடிக்குது?"

முறம் நின்றது.

திம்மராயன் சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டித் தோட்டாவை எடுத்து நீட்டினார்.

"இருபத்திரண்டு. சுடும்போது தோள்ல உதைக்கவே உதைக்காதாம். என் தோள்ல குண்டுச் சிதறல் பட்ட தழும்பு இருக்கு. பெரிய துப்பாக்கி உதைச்சா உயிர் போகுது. இது போதுமா?"

நஞ்சம்மாள் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள்.

"முயலுக்கு இது சாவு. மானுக்கு வெறும் வலி."

"அப்ப பெருசேதானா?"

அவள் அவருடைய துப்பாக்கியை வாங்கினாள். முதுகைக் காட்டித் திரும்பி நின்று, அதன் தாழ்ப்பாளை இழுத்து மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"அந்தக் கரையான் புத்தைச் சுடுங்க."

திம்மராயன் தோளில் பொருத்தினார். குறி பார்த்தார். விசையை இழுத்தார்.

'டிக்' என்றது. உள்ளே தோட்டா இல்லை.

ஆனால் குழல் தரையைப் பார்த்துச் சரிந்திருந்தது. அவர் கண்கள் இறுக மூடியிருந்தன.

மெல்லக் கண்ணைத் திறந்தார். குழல் சாய்ந்திருப்பதைப் பார்த்தார். காதெல்லாம் சூடாகிவிட்டது.

"எதிரி முன்னாடிகூட நான் கண்ணை மூடினதில்லம்மா."

"அங்க உங்க கண்ணை யாரு நின்னு பாத்தா?"

சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஒல்லியான வேறொரு துப்பாக்கியோடு வந்தாள். கூடவே கொஞ்சம் தோட்டாக்கள்.

"இருநூத்தி ஐம்பத்தாறு. குண்டு மெலிசு, ஆனா நீளம். முனையில ஈயம். உள்ள போய் விரியும். உதையும் கம்மி."

"மானுக்குப் போதுமா?"

அவள் ஒரு கொட்டாங்கச்சியை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டாள்.

"சுடும்போதெல்லாம் இதுல படணும். அப்படி ஒரு இடம் பாத்து நில்லுங்க."

திம்மராயன் பட்டாளத்துப் பழக்கத்தில் வெகு தூரம் போய் நின்றார். படவில்லை. கொஞ்சம் முன்னால் வந்தார். ஒன்று பட்டது, ஒன்று போனது. இன்னும் முன்னால் வந்தார்.

ஒவ்வொரு முறையும் அவள்தான் திரும்பி நின்று தோட்டா போட்டுக் கொடுத்தாள். சில முறை போடாமலும் கொடுத்தாள். அப்போதெல்லாம் குழல் குனிந்து அவரைக் காட்டிக்கொடுத்தது.

மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். ஊரில் சிரித்தார்கள்.

ஒரு காலையில் கொட்டாங்கச்சி உடைந்தது. வேறு கட்டினாள். அதுவும் உடைந்தது. அடுத்ததும் உடைந்தது. அதற்கடுத்து 'டிக்' என்றபோது குழல் அசையவே இல்லை.

"இப்பவாவது சொல்லுங்கம்மா. மானுக்கு இது போதுமா?"

நஞ்சம்மாள் அவர் கால் நுனியில் ஒரு கோடு கிழித்தாள்.

"இங்கிருந்து போதும்."

கோட்டுக்குப் பின்னால் ஓர் எட்டு வைத்தாள்.

"இங்கிருந்து போதாது."

கதிர் முற்றியது. ஒரு விடியலில் மான் கூட்டம் கொல்லைக்குள் இறங்கியது. நடுவில் பெரிய கொம்புமான்.

திம்மராயன் வரப்போரம் படுத்திருந்தார். பின்னால் நஞ்சம்மாள். பரண் மேல் கொல்லைக்காரர் கங்கப்பா.

"சுடுங்க! சுடுங்க!" என்று கங்கப்பா மேலிருந்து கிசுகிசுத்தார்.

தூரம் அதிகம். திம்மராயன் சுடவில்லை. பனியில் நனைந்த கேழ்வரகுத் தாள்களுக்கிடையே ஊர்ந்தார். கங்கப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

மான் தலை தூக்கியது. திம்மராயன் அப்படியே உறைந்தார். மான் மறுபடி மேய்ந்தது. மறுபடி ஊர்ந்தார்.

தூரம் சரியாகிவிட்டது. ஆனால் மான் பின்புறத்தைக் காட்டி நின்றது.

காத்திருந்தார். சூரியன் மலை விளிம்பைத் தொட்டது. கொம்பு மெல்லத் திரும்பியது. கழுத்து திரும்பியது. பக்கவாட்டில் முழு உடம்பும் வந்தது. முன்னங்கால் ஓர் அடி முன்னால் நகர்ந்தது. அதன் பின்னே, மூச்சு ஏறி இறங்கும் இடம். விசையை இழுத்தார்.

மான் நின்ற இடத்திலேயே மடங்கியது. ஓர் அடிகூட எடுக்கவில்லை.

மற்ற மான்களெல்லாம் ஒரே பாய்ச்சலில் மேட்டைத் தாண்டி மறைந்தன.

திம்மராயன் ஓடினார். மண்டியிட்டு மானின் கழுத்தில் கை வைத்தார். துடிப்பு அடங்கியிருந்தது. விலாவில் சின்னதாக ஒரே ஒரு துளை. அவருக்குக் கண் நிறைந்தது. எழுந்து இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கினார்.

நாலாப் பக்கமும் கொல்லைகளில் காவலிருந்தவர்களின் கூச்சல் கிளம்பியது. யாரோ தகரத்தைத் தட்டினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். கங்கப்பா பரணிலிருந்து குதித்து ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

"இனிமே சுனைப் பக்கம் எவனும் விஷத்தோட போகமாட்டான். அதுக்கு நான் பொறுப்பு!" என்று கத்தினார். பிறகு காதைத் தேய்த்துக்கொண்டார். "ஆனா என்னா சத்தம்யா அது! மலையே அதிர்ந்துபோச்சு. எனக்குக் காது இன்னும் அடைச்சிருக்கு."

திம்மராயன் அவரைப் புரியாமல் பார்த்தார்.

"சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே. தோள்ல உதைச்சதும் தெரியல."

நஞ்சம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள்.