ஒரு இலுப்பைக்குப் பத்துக் கன்று

மதியூர் ராஜா இடும்பவர்மருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று சாப்பாடு, இன்னொன்று கட்டடம். சாப்பாட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை. கட்டடம்தான் ஊரைப் போட்டு ஆட்டியது. இந்தத் தடவை ஆற்றங்கரை இலுப்பைத் தோப்பை அழித்து ஊஞ்சல் மண்டபம் கட்டப் போகிறாராம்!

ஐந்நூறு மரம். ஒவ்வொன்றையும் கட்டிப்பிடிக்க நாலு பேர் வேண்டும். நாற்பது மரம் விழுந்ததுமே பூவாயி அரண்மனைக்கு ஓடி வந்துவிட்டாள். அந்தத் தோப்பில் கொட்டை பொறுக்கி, எண்ணெய் ஆட்டிப் பிழைக்கும் அறுபது குடும்பத்துக்கு அவள்தான் தலைவி.

"தோப்பு போனா நாங்க ஊரை விட்டே போகணும் மகாராசா!"

மண்டப யோசனையைக் கிளப்பியவர் பிரதானி பரமானந்தர். அவர் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார். "எதற்கு இந்த அழுகை? ஒரு மரம் போனால் பாறைமேட்டில் பத்துக் கன்று நட்டுத் தருகிறோம். ஐந்நூறு போய் ஐயாயிரம் வருகிறது, போ!"

"பேஷ்!" என்றார் ராஜா.

"கன்னு காய்க்கப் பதினைஞ்சு வருசம் ஆகுமே சாமி. அதுவரைக்கும் நாங்க எதைத் திங்கிறது?"

ராஜாவிடம் எதையும் பேசும் துணிச்சல் உள்ள ஒரே ஆள் விகடகவி கொண்டல்ராயன். அவன் மெல்ல எழுந்தான்.

"மகாராஜா, ஒன்றுக்குப் பத்து என்பது மரத்துக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா?"

"எல்லாவற்றுக்கும்தான்! நம் அரண்மனையில் ஒரே நியாயம்."

"அப்படியே ஓலையில் எழுதி முத்திரை போட்டுத் தந்தால் தேவலை."

போட்டுக் கொடுத்தாரே மனுஷர்! மீதி மரங்களை நாளை மறுநாள் வெட்டுவதென்று ஏற்பாடாயிற்று.

மறுநாள் மத்தியானம் பக்கத்து நாட்டு ராஜா சம்பந்தம் பேச வந்திருந்தார். பந்தியில் இலை போட்டுத் தண்ணீரும் தெளித்தாயிற்று. சோற்றைத்தான் காணோம். இடும்பவர்மர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடைப்பள்ளிக்கு ஓடினார். விருந்தாளி ராஜாவும் பின்னாலேயே ஓடினார்.

உள்ளே அடுப்பு சில்லென்று கிடந்தது. தரை முழுக்கக் குழந்தைகள்! ஒன்று கரண்டியைக் கடித்தது. ஒன்று உருளிக்குள் உட்கார்ந்து கை தட்டியது. இன்னொன்று அரிசி மாவை மூஞ்சியெல்லாம் அப்பிக்கொண்டு சிரித்தது. தோப்புத் தாய்மார்கள் பூவாயியோடு ஓரமாக நின்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"கொண்டல்ராயா! சமையல்காரர் பஞ்சநதம் எங்கே?"

"எடுத்துவிட்டேன் மகாராஜா. பதிலுக்குப் பத்துப் பேரை வைத்துவிட்டேன். எண்ணிப் பாருங்கள், ஒன்றுகூடக் குறையாது. இதோ ஓலை."

"அடப்பாவி, இதுகளா சமைக்கும்?"

"இன்றைக்கே சமைக்கச் சொன்னால் எப்படி? இருபது வருஷம் பொறுங்கள். அப்புறம் அண்டா அண்டாவாகப் பாயசம்தான்!"

"அதுவரைக்கும் நான் எதைத் தின்பேன்?" என்று ராஜா கத்தினார். கத்திய வாய் அப்படியே நின்றுவிட்டது. நேற்று பூவாயி கேட்டதும் இதைத்தானே!

முதலில் விருந்தாளி ராஜாதான் வெடித்துச் சிரித்தார். அப்புறம் இடும்பவர்மருக்கும் தொற்றிக்கொண்டது. சத்தம் தாங்காமல் பத்துக் குழந்தைகளும் ஒரே குரலில் அழுதன. கொண்டல்ராயன் கை காட்ட, அவன் வீட்டுக் கொல்லையில் சமைத்த விருந்தோடு பஞ்சநதம் ஆடி அசைந்து வந்து சேர்ந்தார்.

மூன்றாம் பாயசத்துக்கு அப்புறம் ராஜா ஆணையிட்டார். "மண்டபம் பாறைமேட்டில் கட்டட்டும். இனி தோப்பில் ஒரு கிளைகூட விழக்கூடாது. வெட்டிய இடத்தில் அந்தத் தோப்புக் கொட்டையையே முளைக்க வைத்து நடுங்கள். பூவாயி சொல்கிறபடி பிரதானியார் தண்ணீர் ஊற்றுவார். அதுகள் காய்க்கும்வரை அறுபது வீட்டுக்கும் அரண்மனை நெல் போகும். கொண்டல்ராயனுக்கு இந்த முத்துமாலை!"

பூவாயிக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு.

"அதெல்லாம் சரி பூவாயி, போன தோப்பு முழுசாகத் திரும்பி வந்ததென்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் ராஜா.

"அது சுளுவு சாமி. பெரிய மரமாயிட்டா வௌவால் வந்து தொங்கும். கீழ போயி நின்னா, தலையில சொத்துன்னு எச்சம் விழும். விழுந்துச்சுன்னா தோப்பு வந்துருச்சுன்னு அர்த்தம்."

ராஜா திரும்பினார். "ஓய் பிரதானியாரே! நாளையிலிருந்து தினமும் போய்க் கீழே நில்லும். தலைப்பாகையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போம்!"