தட்டியில் ஒரு கிழிசல்

"இந்த வேலை எனக்கு வேண்டாம்மா. விட்டுடுதேன்," என்றார் சங்கிலிபூதம்.

மங்களவல்லி நிமிர்ந்து பார்த்தார்.

சண்டையில் இருக்கும் ஊர்களை எதிரெதிரே உட்கார வைத்துப் பேசவைப்பது அவர் தொழில். சங்கிலிபூதம் வயதில் மூத்தவர். தலை நரைத்த பிறகு அவரிடம் வந்து அதைக் கற்றுக்கொண்டவர்; இந்தக் கூட்டங்களைத் தனியாக நடத்துபவர்.

"நாளைக்குக் கடைசிக் கூட்டம், அண்ணாச்சி."

"அதான் இன்னைக்கே சொல்லுதேன்."

ஆறு கடலில் சேரும் இடத்தை மணல் மூடியிருந்தது. படகு போக அதை வெட்டிவிடச் சொன்னார்கள் மீனவர்கள். வெட்டினால் உப்புத்தண்ணீர் ஏறி வயல் கெடும் என்றார்கள் விவசாயிகள். போன வருஷம் இதற்காக ஒருவன் செத்தான். நாளையும் பேச்சு முறிந்தால் அடுத்தவன் யார் என்று இரண்டு ஊரிலும் பயந்து கிடந்தார்கள்.

"யார் முறிக்கிறாங்க?"

"சிவசைலம் பண்ணையார்தான். மதியம் நல்லாத்தான் பேசுதாரு. வெயில் தாழ்ந்ததும் மூஞ்சி மாறிடுது. யார் என்ன சொன்னாலும் முடியாதுங்காரு, எந்திரிச்சுப் போயிடுதாரு. பண்ணையாருக்குக் காபி நேரம் வந்துட்டுன்னு படகுக்காரங்க சிரிக்காங்க. அதுல இன்னும் கெட்டுப்போகுது."

"எப்பவும் அதே நேரமா?"

"அதே நேரம்."

மங்களவல்லி செருப்பை மாட்டினார். "வாங்க, இடத்தைப் பாப்போம்."

கூட்டம் நடப்பது கடற்கரை மீன் ஏலக் கொட்டகையில். நாளைக்கான நாற்காலிகளைச் சங்கிலிபூதம் வட்டமாகப் போட்டு வைத்திருந்தார்.

"எல்லா நாற்காலியிலயும் உக்காந்து பாத்தீங்களா?"

அதுதான் அவர் கற்றுக்கொடுத்த முதல் பாடம். கூப்பிட்டவர்கள் வருமுன் ஒவ்வொருவர் இடத்திலும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

"பாத்தேன்."

"எல்லாத்துலயுமா?"

சங்கிலிபூதம் கடலைப் பார்த்தார். "பண்ணையார் நாற்காலியில மட்டும் உக்காரல. உக்காரவும் மாட்டேன்."

"எது அவரது?"

கை காட்டினார். மங்களவல்லி அதில் உட்கார்ந்தார்.

வெயில் தாழ்ந்தது. மேற்கே கட்டியிருந்த ஓலைத்தட்டியில் ஒரு கிழிசல். அதன் வழியாக வெயில் நேரே அவர் முகத்தில் விழுந்தது. மற்ற நாற்காலிகளில் எல்லாம் நிழல்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய இமைக்குள்ளிருந்து நீர் வழிந்தது.

"இங்க வந்துடுங்கம்மா. நிழலா இருக்கு."

"இது அவர் இடம்தானே."

"நான் வேணும்னு போடல."

"கேக்கலையே."

சங்கிலிபூதம் பக்கத்து நாற்காலியை நேராக்கிப் போட்டார்.

"வெயில் அடிக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா அவரு. எண்பது வயசு மனுசன்."

"உங்ககிட்டயா?"

சங்கிலிபூதம் தூணில் சாய்ந்தார். அசந்துபோன குரலில் சொன்னார்.

"எங்க அப்பாவை நெல்லுத் திருடினதாச் சொல்லிக் களத்துல நிக்க வச்சாரு. நடு வெயில்ல. அப்பா திருடல. நான் சின்னப் பய, பாத்துக்கிட்டே நின்னேன்."

"எவ்வளவு நேரம்?"

"பொழுது அடையுற வரைக்கும்."

"அப்போ இன்னும் நேரம் இருக்கு," என்றார் மங்களவல்லி. எழுந்திருக்கவில்லை.

வெயில் அவர் கன்னத்திலிருந்து நெற்றிக்கு ஏறியது. புடவைத் தலைப்பால்கூட அவர் மறைத்துக்கொள்ளவில்லை.

சங்கிலிபூதம் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு நடந்து போய், நாற்காலிக்கும் கிழிசலுக்கும் நடுவில், வெயிலுக்கு முதுகு காட்டி நின்றார். முதுகு சுட்டது. நகரவில்லை.

மங்களவல்லி கண்ணைத் திறந்தார்.

"வேலையை விடுறதா சொன்னீங்களே, இப்போ சொல்லுங்க," என்றார். "கேக்குறேன்."