செசிலியின் பத்து சலான்

மீன்காரி செசிலியைக் கோர்ட்டுக்கு இழுத்த கதை தெரியுமா? நிறுத்தக்கூடாத இடத்தில் அவள் மொபெட் பத்து நாளாக நின்றதாம். நாளுக்கொரு அபராதச் சலான். ஒன்றையும் அவள் கட்டவில்லை.

"பத்துக்கும் போட்டோ இருக்குங்கய்யா. அவ்வளவு திமிர் இவளுக்கு," என்று மீசையை நீவினார் இன்ஸ்பெக்டர் வீரபாகு.

செசிலிக்கு வக்கீல் வைக்க வழியில்லை.

"வண்டிய இப்பவே எடுத்திருதேன் ஐயா. சாவிய மட்டும் குடுக்கச் சொல்லுங்க."

"எப்படிங்கய்யா குடுக்கிறது? இவ ஓடிரக்கூடாதுன்னு முதல் நாளே உருவிட்டேனே," என்று பையிலிருந்து சாவியை எடுத்துப் பெருமையாக ஆட்டிக் காட்டினார் இன்ஸ்பெக்டர்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். கோர்ட்டில் ஒரு சிரிப்பு கிளம்பியது.

"முதல் நாள் சலான நான் கட்டிருதேன் ஐயா," என்றாள் செசிலி. "மிச்சம் ஒம்பதையும் சாவி வச்சிருக்கவரு பேருக்கு மாத்திருங்க."